நாலு பேரும் தாங்களே பேசியதற்கு நன்றி

அன்புள்ள ஊர் மக்களுக்கு, வணக்கம்.

ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு 2021 அக்டோபர் 12ஆம் தேதி ஓட்டு எண்ணி முடிவும் வந்துவிட்டது. தேர்தலுக்கு முன்னால் நம் ஊரில் நடந்த வேட்பாளர் விவாதத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் இதை வானொலியில் நடத்தத்தான் ஆசைப்பட்டோம். நெல்லை மாவட்டத்தில் நம் முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற பெண்களுக்குப் பகல் முழுக்க ரேடியோதானே துணை! ஆனால் அகில இந்திய வானொலி தேர்தல் நேரத்தில் இடம் தருவது அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு. ஊராட்சித் தலைவர் தேர்தலிலோ கட்சியே கிடையாது. சமுதாய வானொலியில் அரசியல் பேச அனுமதி இல்லை. சரி, தெருத்தெருவாக ஒலிபெருக்கிக் குழாய் கட்டிவிடுவோம், பீடி சுற்றும் சுளகை மடியை விட்டு இறக்காமலே கேட்கட்டும் என்று முடிவு செய்தோம்.

வாடகை வாங்காமல் குழாய் கட்டித் தந்த மைக்செட் அண்ணாச்சிக்கும், அனுமதி தந்த காவல் நிலையத்தாருக்கும் நன்றி. ஊரார் எழுதித் தந்த கேள்விச் சீட்டுகளைப் பீடிக் கடையிலேயே வாங்கி வைத்துக்கொண்ட கடைக்காரருக்கும் நன்றி.

விவாதத்தை நடத்தித் தந்தவர், பாளையங்கோட்டை வானொலி நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா. பேசும் வரிசைக்குச் சீட்டுக் குலுக்கல், ஒரு பதிலுக்கு இரண்டு நிமிடம், மணி அடித்தால் அடுத்தவர். முக்கியமான நிபந்தனை ஒன்று போட்டார்: வேட்பாளர்தான் பேச வேண்டும், வீட்டுக்காரர் பேசக்கூடாது. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்தும், சுவரொட்டியில் கணவர் படம்தானே பெரிதாக இருக்கிறது! நம் ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கியது. நின்ற நாலு பேரின் குரலையும் அன்றைக்குத்தான் ஊர் கேட்டது.

வேட்பாளராக நின்ற அக்கா, தங்கச்சிமாரே, உங்களுக்குத்தான் பெரிய நன்றி. நூறு நாள் வேலையில் 273 ரூபாய் என்று அறிவித்த கூலி ஏன் முழுசாகக் கைக்கு வரவில்லை, கீழத்தெருக் குழாயில் ஏன் தண்ணீர் ஏறவில்லை என்று ஊரார் சீட்டில் கேட்டார்கள். உங்களில் ஒருவர் மட்டும், “தொட்டி விவரம் எனக்குத் தெரியாது, விசாரிச்சுட்டு வந்து சொல்லுதேன்” என்றார். ஓட்டுக் கேட்கிற நேரத்தில் மைக்கில் அப்படிச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! சொன்னபடி தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரிடம் விசாரித்து, வீடு வீடாகப் போய் வால்வு எங்கே பழுது என்று விளக்கினார். அவர் ஜெயிக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன்.

புதிய தலைவரம்மாவுக்கு வாழ்த்துகள். அன்று நீங்கள் சொன்ன பதில்களின் ஒலிப்பதிவு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. முதல் கிராம சபையில் அதைப் போட்டுக் கேட்க அனுமதி தர வேண்டுகிறோம். கீழத்தெரு வால்வு விஷயத்தைத் தோற்ற அந்த அக்காவிடமே கேட்டுக்கொள்ளலாம், சொல்லித்தரத் தயாராக இருக்கிறார்.

அன்புடன்,
விவாதக் குழுவினருக்காக,
மேலத்தெரு வாசி ஒருவர்