காணாத கரையை வரைந்தது எப்படி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

புதிதாகக் கண்டடைந்த கடற்கரைகளை ஐரோப்பியர் வரைபடமாக்கிய வரலாறு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை விறுவிறுப்பாக இருந்தது. ஆனால், 1502-இல் லிஸ்பனில் வரையப்பட்ட கான்டினோ வரைபடத்தை, ‘போர்ச்சுக்கீசிய மாலுமிகள் கண்ணால் கண்டு வரைந்தது’ என்று ஒரே வரியில் முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை.

ஆப்பிரிக்கக் கரைக்கு அது பொருந்தும். நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து அட்சரேகையைக் கணக்கிட்டுக்கொண்டே போனவர்கள் அவர்கள். ஆங்காங்கே அவர்கள் நட்டுச் சென்ற கல்தூண்கள்கூடப் படத்தில் இருக்கின்றன. இந்தியாவின் கதை வேறு. பழங்காலப் புவியியலாளர் தாலமியைப் பின்பற்றிய படங்களில் நம் தீபகற்பம் மழுங்கிக் கிடக்கும், இலங்கை அளவுக்கு மீறிப் பெருத்திருக்கும். கான்டினோவில் இந்தியா தெற்கே கூராக நீண்ட முக்கோணம். அதுவரை இந்தியாவுக்கு வந்த வாஸ்கோ ட காமாவும் கப்ராலும் மலபார்க் கரையோடு திரும்பியவர்கள். போர்ச்சுக்கீசியர் இலங்கைக்கு வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, மலாய்க் கரையின் துறைமுகமான மலாக்காவுக்கு 1509-இல். அப்படியிருக்க, நமது கிழக்குக் கரையும் வங்காள விரிகுடாவும் மலாக்காவும் அந்தப் படத்துக்குள் எப்படி வந்தன?

விடை படத்திலேயே இருக்கிறது. கள்ளிக்கோட்டைக்கு வரும் சரக்கெல்லாம் இந்த நகரில் உண்டு என்று மலாக்காவைப் பற்றிய குறிப்பு தொடங்குகிறது. பிறகு கிராம்பு, சாம்பிராணி, சந்தனம், முத்து, கஸ்தூரி என்று அடுக்குகிறது. மலாக்காவில் இறங்கிப் பார்த்தவன் இப்படி எழுதமாட்டான்; கள்ளிக்கோட்டைத் துறைமுகத்தில் வியாபாரிகளிடம் விசாரித்தவன்தான் எழுதுவான். இன்னொன்று, கிழக்குப் பகுதி இடங்கள் சிலவற்றின் அட்சரேகை விரல் கணக்கில் தரப்பட்டிருக்கிறது. துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் எத்தனை விரல் உயரத்தில் நிற்கிறது என்று அளப்பது இந்தியப் பெருங்கடலில் ஓடிய அரபு மாலுமிகளின் வழக்கம். கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான மாலிந்தியிலிருந்து காமாவைக் கள்ளிக்கோட்டைக்கு அழைத்துவந்ததும் இந்தக் கடலை அறிந்த ஒரு மாலுமிதானே!

பிழைகளுக்கெல்லாம் அறியாமையே காரணம் என்கிறார் கட்டுரையாளர். வட அமெரிக்கக் கரையோரத் தீவான நியூஃபவுண்ட்லாந்தைப் பாருங்கள். 1494-ஆம் ஆண்டின் டோர்டெசிலாஸ் உடன்படிக்கைக் கோட்டுக்குக் கிழக்கே இருப்பது போர்ச்சுக்கலுக்கு, மேற்கே இருப்பது ஸ்பெயினுக்கு. உண்மையில் கோட்டுக்கு மேற்கே கிடக்கும் அந்தத் தீவைப் படம் கிழக்கே தள்ளி, போர்ச்சுக்கல் மன்னரின் நிலம் என்று எழுதிவைத்திருக்கிறது. கடலில் தீர்க்கரேகையைச் சரியாக அளக்க அன்று வழியில்லை என்பது மெய். ஆனால், அந்தப் பிழை இவ்வளவு ஆதாயமான பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருகிறது.

இத்தாலியின் ஃபெராரா பிரபுவின் ஆள் 12 தங்க டுகாட் கொடுத்து இப்படத்தைக் கடத்தியதற்கும், 1859-இல் மோடெனா அரண்மனை சூறையாடப்பட்டபின் அது ஓர் இறைச்சிக் கடையில் கிடைத்ததற்கும் அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். சுவையான கதை, நானும் ரசித்தேன். அதில் நான்கு வரியையாவது கள்ளிக்கோட்டையில் தகவல் சொன்னவர்களுக்கு விட்டிருக்கலாம்.

படத்தை உள்ளங்கை அளவில் அச்சிட்டதால் பிரேசில் கரையின் சிவப்புக் கிளிகள் மட்டுமே கண்ணுக்குத் தெரிகின்றன. அடுத்த இதழில் ஆசியப் பகுதியை மட்டுமாவது நடுப்பக்கத்தில் பெரிதாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகப்பட்டினம்