முடிவுரை எழுதுன மகனுக்கு

ராசா,

நல்லாருக்கியா. இங்க எல்லாரும் சொகம். மழை சரியா இறங்கல, புழுக்கமாத்தான் கெடக்கு. அப்பாவுக்கு சுகர் கொஞ்சம் கூடியிருக்குன்னு டாக்டர் வாக்கிங் போகச் சொன்னாரு, இவுக கிரவுண்டு வரைக்கும் போயி அங்ஙன ஒக்காந்து அரட்டை அடிச்சிட்டு வாராக. ஆச்சி உன்னத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. வேற விசேஷம் ஒண்ணுமில்ல. வேளாவேளைக்கு சாப்பிடு.

உன் பிளாக்ல கடைசியா போட்டிருந்தத படிச்சேன். 'தனிமையின் பயன்கள்'. அப்பவே படிச்சாச்சு, என்ன எழுதன்னு தெரியாம வச்சிருந்தேன். நல்லாருக்குல. நெசமாத்தான் சொல்லுதேன். எழுத்துப்பிழை ஒண்ணு கூட இல்ல, ஒற்றெல்லாம் அந்தந்த எடத்துல நிக்கி, முன்னுரை இருக்கு, நடுவுல உட்தலைப்பு போட்டு பொருளுரைய பிரிச்சிருக்க, முடிவுரைல 'எனவே'ன்னு ஆரம்பிச்சு ஒரு குறளையும் வச்சு அழகா முடிச்சிருக்க. பேப்பர் எங்கையில வந்திருந்தா பத்துக்கு ஒன்பது போட்டிருப்பேன். ரிட்டயர்டு தமிழ் டீச்சருக்கு பெருமையா இருக்காதா. அப்பாட்ட படிச்சுக் காமிச்சேன், "நல்ல தமிழ்"ன்னாக. கொஞ்ச நேரங்கழிச்சு, பேப்பர மடக்கி வச்சிட்டு, "இது அவன் எழுதுனதுதானா?"ன்னாக.

எனக்கும் அதான்.

ஏன்னா நீ அப்படி எழுதுற ஆளே இல்ல பாத்துக்க. உனக்கு நன்னூல் பாயிரத்துல பத்துக் குற்றம் பத்து அழகு ரெண்டையும் நாந்தான் மனப்பாடம் பண்ண வச்சேன், குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல்னு வரிசையா ஒப்பிப்ப, பவணந்தி முனிவர் பதிமூணாம் நூற்றாண்டுல எழுதி வச்சது, இன்னிக்கு வரைக்கும் கட்டுரை திருத்துறதுக்கு அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். நீ பிளாக்ல அந்தப் பத்துக் குற்றத்தையும் வரிசையா பண்ணிக்கிட்டிருந்த. சொன்னதையே சொல்லுவ. ஆபீஸ் காப்பி நல்லால்லன்னு ஆரம்பிச்சு எங்கியோ சுத்தி சீவலப்பேரில தாத்தா வச்சிருந்த வில்வண்டிக்கு வந்து நிப்ப, அதுக்குப் பேருதான் மற்றொன்று விரித்தல். சென்று தேய்ந்திறுதல்னா உன் பிளாக்தான், பாதிப் பதிவு "சரி, தூக்கம் வருது, மிச்சத்த நாளைக்கு எழுதுதேன்"னு முடியும், அந்த நாளைக்கு வராமலே போயிரும். பக்கத்து வீட்டு கெழவர் குப்பைத்தொட்டிய எந்தக் கிழமை வெளிய வைக்கணும்னு உனக்கு வகுப்பெடுத்தது, பஸ்ஸ விட்டது, அவ வச்ச ரசம் புளிச்சுப்போனது, குக்கர் பெருசா சின்னதா வாங்கன்னு ரெண்டு பேரும் கடையில வச்சே சண்டை போட்டது. எனக்கு அத படிச்சா எரிச்சலா வரும், அப்புறம் ராத்திரி திரும்ப எடுத்து படிப்பேன்.

பிளாக்குன்னு ஒண்ணு வந்து என்ன பெரிய காலமாச்சு. பிளாக்கர் வந்ததே 1999ல, 2003ல கூகிள்காரன் அத வாங்குனான், நம்ம ஆளுக தமிழ்ல எழுத ஆரம்பிச்சதும் அந்தக் காலத்துலதான், 2004ல தமிழ்மணம்னு எல்லாரு எழுதுறதையும் ஒரே எடத்துல திரட்டிக் காட்டுற தளம் வந்துச்சு. இதெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலேஜ் விட்டு வராம ஜங்ஷன் பக்கம் பிரவுசிங் சென்டர்லயே கெடப்ப, நான் திட்டுவேன். என் காலத்துல கட்டுரை எழுதி பத்திரிகைக்கு அனுப்பணும்னா பேப்பர்ல ஒரு பக்கம் மட்டும் எழுதி, திரும்பி வாரதுக்கும் ஸ்டாம்பு ஒட்டுன கவரு உள்ள வச்சு அனுப்பணும், ஆசிரியர் பாத்து வெட்டி ஒட்டி மூணு மாசங்கழிச்சு போட்டா உண்டு, இல்லன்னா நம்ம கவரே நம்ம வீட்டுக்கு வந்து சேரும். நீ என்னன்னா ராத்திரி பத்து மணிக்கு எழுதி பத்தேகாலுக்கு போட்டுருத. யாரும் பாக்காம, யாரும் திருத்தாம இது என்ன எழுத்துன்னு எனக்கு அன்னிக்கு ஆங்காரம். இன்னிக்கு எல்லாவனும் பேஸ்புக்கு ரீல்ஸுன்னு போயிட்டான், நீ மட்டும் அந்தப் பழைய பிளாக்க விடாம வச்சிருக்கன்னு நான் பக்கத்து வீட்டு டீச்சர்ட்ட பெருமையா சொல்லிக்கிட்டு திரியுதேன்.

நம்ம ராஜவல்லிபுரத்துக்காரர் ரா.பி. சேதுப்பிள்ளைய எடுத்துக்கோ. சாகித்ய அகாடமி தமிழுக்குன்னு மொதமொதல்ல 1955ல கொடுத்தது அவருக்குத்தான், அதுவும் கட்டுரைக்கு, கதைக்கில்ல. எதுகையும் மோனையும் எப்படி வந்து விழும் தெரியுமா, சத்தமா படிச்சா கிளாஸே அடங்கிரும். ஆனா அவரு வீட்ல அன்னிக்கு என்ன கொழம்பு, அவருக்கு மனசு சரியில்லாத நாளு எதுன்னு அதுல தேடக்கூடாது, தேடுனா தப்பு நம்மமேலதான். கட்டுரைன்னா எழுதுறவன் வெளிய நின்னுக்கிட்டு பொருள மட்டும் உள்ள அனுப்பணும். வீட்டு முன்பக்கம் தார்சாவுல வேட்டி சட்டையோட ஒக்காந்து வந்தவங்ககிட்ட பேசுத பேச்சு அது. பிளாக்கு அடுக்களைல பேசுறது, பாதி வார்த்தை பாத்திரச் சத்தத்துல போயிரும், ஆனா யாரு பேசுதான்னு கொரல வச்சே தெரிஞ்சிரும்.

அதுக்காக கட்டுரைன்னாலே ஆளு இருக்கப்படாதுன்னும் நான் சொல்ல வரல. நம்ம பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன், தொ.ப. சார், இங்க பாளையங்கோட்டைல இருந்துக்கிட்டுத்தான எழுதுனாரு, உப்பப் பத்தி, பல்லாங்குழியப் பத்தி, தெருவுல போற வார பொம்பளைக சொன்னத வச்சு. ஆராய்ச்சிதான், ஆனா படிக்கும்போது சாரு எதுக்க ஒக்காந்து பேசுத மாதிரியே இருக்கும். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார், டி.கே.சி., குற்றாலத்துல இருந்து போட்ட கடிதாசியெல்லாம் புஸ்தகமாவே வந்திருக்கு, கம்பன் பாட்டு ஒரு பக்கம், யாரு வந்தா யாரு போனாங்கிறது ஒரு பக்கம், இன்னிக்கு இருந்தா அவரும் பிளாக்குதான் எழுதுவாரோ என்னமோ. பிரிச்சு கோடு போட்டுற முடியாது. கேட்டா கிளாஸ்ல கோடு போட்டுத்தான் சொல்லிக் கொடுப்பேன், அது வேற.

2023 டிசம்பர் வெள்ளத்தப்ப நீ எழுதுனது ஞாபகம் இருக்கா. பதினேழாம் தேதியும் பதினெட்டாம் தேதியும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டிருச்சு, தாமிரபரணி ஆத்துல குறுக்குத்துறை கோயிலு முங்கிருச்சு, இங்க கரண்டும் இல்ல போனும் இல்ல. நீ அங்க இருந்து நாலு வரி நாலு வரியா போட்டுக்கிட்டே இருந்திருக்க. "அம்மா போன் எடுக்கல." அப்புறம், "இன்னும் எடுக்கல, ஜங்ஷன்ல தண்ணின்னு வீடியோ வருது." அப்புறம், "அவ சித்தி பேசிட்டாங்களாம், நம்ம தெருவுக்குள்ள வரலையாம்." கரண்டு வந்தப்புறம் ஒண்ணொண்ணா படிச்சேன். உனக்கே அடுத்த வரி என்ன வரும்னு தெரியாம எழுதியிருக்க. அதே வெள்ளத்தப் பத்தி இங்க பிள்ளைகளுக்கு கட்டுரைப் போட்டி வச்சாங்க, நானும் நடுவரா போயிருந்தேன், எல்லாம் தண்ணி வடிஞ்சப்புறம் எழுதுனது, வெள்ளத்தின் காரணங்கள், விளைவுகள், தடுக்கும் வழிகள்னு. நல்லாத்தான் எழுதியிருந்துச்சுக பிள்ளைக. எல்லாத்துலயும் முடிவு முன்னாடியே தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான். ஒண்ணுல கூட யாரும் போன் எடுக்காம இருக்கல.

நீ 'தனிமையின் பயன்கள்' எழுதும்போது தண்ணி வடிஞ்சிருச்சா?

சரி விடு. ராத்திரி முழிக்காத. ஞாயித்துக்கெழமையாவது எண்ண தேச்சு குளி, அந்தக் குளிர்ல எங்க குளிக்கன்னு சொல்லுவ, எண்ணெய சூடு பண்ணிக்கிட்டா ஒண்ணும் செய்யாது. வெறும் பிரெட்ட தின்னுக்கிட்டு கெடக்காத. ஒருத்தருக்கு எதுக்கு சமைக்கன்னு நெனைக்கப்படாது. உன் கட்டுரைல மூணாவது பத்தில, 'தனியாகச் சமைத்து உண்பதால் சிக்கனம் கைகூடுகிறது'ன்னு இருக்கு, அந்த எடத்துல கண்ணாடிய கழத்தி வச்சிட்டேன். கைகூடுகிறதாம். ஏல, நீ என்னிக்கு கைகூடுகிறதுன்னு எழுதியிருக்க?

ஏழாங்கிளாஸ்ல 'நான் விரும்பும் தலைவர்'னு எழுதச் சொன்னா காமராசர்னு தொடங்கி பாதிக்கு மேல தாத்தாவப் பத்தி எழுதி வச்சிருந்த. நான் சிவப்பு மையில குறுக்க கோடு போட்டு 'மற்றொன்று விரித்தல்'னு எழுதுனேன், ரெண்டு நாளு பேசாம இருந்த. அது தப்புன்னு நான் இப்பவும் சொல்லமாட்டேன். பரிட்சை பேப்பர் திருத்துறவருக்கு உன் தாத்தாவ தெரியாது, அவருக்கு காமராசர்தான் வேணும். ஆனா எனக்குத் தாத்தாவ தெரியும்லல. எனக்கு எழுதும்போது எதுக்கு முடிவுரை. பிளாக்க நீ ஊருக்கு எழுதுதேன்னு சொல்லுவ, ஊருல யாரு படிக்காங்களோ எனக்குத் தெரியாது, நான் படிக்கேன்.

இன்னொரு கூத்து. பிளாக்ல புதுசு மேலயும் பழசு கீழயும் இருக்குல்லா. கட்டுரைப் புஸ்தகத்துல எந்தக் கட்டுரை எந்த மாசம் எழுதுனதுன்னு யாரு பாக்கா. இதுல தெறந்ததும் கண்ணுல படுறது தேதிதான். சேதுப்பிள்ளை கட்டுரை முடிஞ்சா புஸ்தகத்த மூடிட்டு நம்ம சோலிய பாக்கப் போயிருவோம். உன்னது முடிஞ்சா அடுத்தது வந்திருக்கான்னு காலம்பற பால் காய்ச்சும்போது ஒருக்கா பாக்க வேண்டியிருக்கு, படுக்கும்போது ஒருக்கா பாக்க வேண்டியிருக்கு, அதே தேதிதான் நிக்கி, தனிமையின் பயன்கள்தான் நிக்கி. உங்க அப்பா பாக்காத மாதிரி பாக்காக. "என்ன, எதும் எழுதியிருக்கானா"ன்னு டிவிய பாத்துக்கிட்டே கேப்பாக.

அப்படி புதுசு ஒண்ணும் இல்லாம போகவேதான் கீழ எறங்கி பழச தேடப் போனேன். பொங்கலுக்கு ரெண்டு பேரும் பால்கனில அடுப்பு வச்சு, பொங்கி வரும்போது பக்கத்து வீட்டு கெழவர் தீப்பிடிச்சிருச்சுன்னு பயந்து ஓடி வந்ததுன்னு ஒண்ணு எழுதியிருந்தியே, அவ கொலவை போட்டான்னு, அத தேடுனேன். கெடைக்கல. அந்தப் புளிச்ச ரசத்தையும் காணல. அச்சடிச்ச புஸ்தகம்னா ஒரு பக்கத்த கிழிச்சா கிழிச்ச தடம் இருக்கும், இதுல அதுவும் தெரியல, மார்கழிக்கு அப்புறம் மாசி வந்து நிக்கி. எனக்குத்தான் தேடத் தெரியலன்னு வச்சுக்கிட்டேன். அப்பாட்ட சொல்லல.

சம்பந்தியம்மாவ போன வெள்ளிக்கெழம நெல்லையப்பர் கோயில்ல பாத்தேன், காந்திமதி அம்மன் சன்னதிகிட்ட. ஒரு மாதிரி எளச்சுப்போயி இருந்தாங்க. என்னமோ கேக்க வந்தாப்ல இருந்துச்சு, நானும் கேட்கலாம்னுதான் நின்னேன், கடைசில பூ வெல ஏறிப்போச்சு, பிச்சிப்பூவ தொட முடியலன்னு பேசிட்டு ஆளுக்கொரு பக்கமா வந்துட்டோம். போகும்போது எங்கைய பிடிச்சிட்டு போனாங்க. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. நீயும் எடுத்துக்கிடாத.

உன்ன நான் ஒண்ணும் கேக்கல. நீ சொல்லும்போது சொல்லு. எழுதணும்னு தோணுனா எழுது, ஒற்று மிகுதா மிகாதான்னு பாக்காத, பாதில நிறுத்துனாலும் சரி, தூக்கம் வருதுன்னு முடிச்சாலும் சரி. சாப்பாட்ட மட்டும் விட்றாத, அதச் சொன்னேனே, திரும்பவும் சொல்லுதேன்.

அடுத்த வாரம் அப்பா வண்ணாரப்பேட்டைக்குப் போயி பார்சல் போடுறாக. கல்லிடைக்குறிச்சி அப்பளம், உடன்குடி கருப்பட்டி, சுண்டவத்தல், இட்லிப்பொடி எல்லாம் கட்டியாச்சு. நார்த்தங்கா ஊறுகாயும் போட்டு வச்சிருக்கேன், நல்லா ஊறியிருக்கு. உனக்கு அது வாடையே ஆகாது, வீட்ல அவ ஒருத்திதான் திம்பா. கிலோ கணக்குக்கு காசு கேக்கான் கூரியர்காரன், அதனால நார்த்தங்காய வைக்கவா வேண்டாமான்னு ஒரு வரி போட்டுரு.

அம்மா