விளக்கேந்திய சீமாட்டி மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மே 12 செவிலியர் தினப் பக்கம் பார்த்தேன். நைட்டிங்கேல் படமே பாதிப் பக்கம். சரி, வேண்டியதுதான். ஆனால் மரியான் கோப் என்ற கன்னியருக்கு நாலு வரி ஒதுக்கியிருக்கலாம்.

1838-இல் ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்காவில் ஆலை வேலை பார்த்து, அப்புறம் பிரான்சிஸ்கன் துறவற சபையில் கன்னியர் ஆனவர். சிராக்கியூஸ் நகரில் புனித சூசையப்பர் மருத்துவமனையை நிர்வகித்தபோது, குடிநோயாளிகளையும் சேர்த்துக்கொண்டதற்காக ஏச்சு வாங்கியவர். 1883-இல் ஹவாய் தொழுநோயாளிகளைக் கவனிக்க ஆள் கேட்டார்கள். 50-க்கும் மேற்பட்ட சபைகள் கையை விரித்துவிட்டன. இவர் ஆறு சகோதரிகளோடு கப்பலேறினார். 1918-இல் அங்குள்ள மொலோக்காய் தீவிலேயே இறந்தார். அவருடன் பணிசெய்த சகோதரிகளில் ஒருவருக்கும் அந்த நோய் ஒட்டவில்லை. சுத்தத்தில் அவ்வளவு கண்டிப்பு.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர், நான் பயிற்சி பெற்ற சென்னை மருத்துவமனையின் மேட்ரன் சிஸ்டர். வார்டு வாசலில் நிறுத்தி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எங்கள் பத்து விரல் நகங்களையும் பார்ப்பார். "மரியான் அம்மா கழுவுன கை, உனக்கு மட்டும் வலிக்குதா?" என்பார். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். கொரோனா வார்டில் நின்ற நாட்களில்தான் அந்தக் குரலை மறுபடி கேட்க ஆசைப்பட்டேன்.

2012-இல் புனிதர் பட்டம் பெற்ற மரியான் இறந்த நாள் ஆகஸ்ட் 9. அன்றைக்காவது ஒரு சின்னப் படம் போடுங்களேன்.

ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை