7.62ஐ எனக்கு விடு

கிளிநொச்சி,
ஐப்பசி, வெள்ளி இரவு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளைகளின் படிப்பையும் உன் முழங்கால் நோவையும் ரொறன்ரோவில் தொடங்கிவிட்ட குளிரையும் நான்கு வரியில் முடித்துவிட்டு, மிச்சம் இரண்டு பக்கத்திலும் பப்ஜி என்ற போன் சுடுவிளையாட்டில் எந்தத் துவக்கை எடுப்பது என்றே கேட்டிருக்கிறாய். இதை வாசித்துக் காட்டியபோது மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் போன வருடம் இதே கேள்வியை அவனிடம் நான்தான் கேட்டுக்கொண்டு திரிந்தேன்.

இங்கே காலபோகம் விதைத்தாயிற்று. முளை கண்ட நாளிலிருந்து மாட்டுக்கும் பன்றிக்குமாக இரவில் காவல் கொட்டிலில் படுக்கிறேன், விளையாட்டும் அங்கேதான் நடக்கிறது. வீட்டில் அம்மா இருக்கும்போது சத்தத்தைத் திறந்து விளையாடுவதில்லை. ஒருமுறை மருமகன் மறந்துபோய்த் திறந்துவிட, அடுப்படியில் நின்ற அம்மா அகப்பையோடு முற்றத்துக்கு ஓடிவந்து எங்கள் எல்லோரையும் பெயர் பெயராகக் கூப்பிட்டார். அவன் 2009க்குப் பிறகு பிறந்தவன், பாட்டி ஏன் அப்படி ஓடிவந்தார் என்று அவனுக்கு விளங்கவில்லை. அன்றோடு வீட்டில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

கொட்டிலிலும் ஒரு காதில் மட்டுமே இயர்போன் மாட்டுகிறேன். மற்றக் காது வயலுக்கு. பப்ஜியில் எதிரியின் காலடிச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை இரண்டு காதாலும் கேட்டால்தான் பிரித்தறியலாம். ஒற்றைக் காதுக்காரனான எனக்கு, ஒருவன் படியேறி வருகிறான் என்பது தெரியுமே தவிர, இடப்பக்கமா வலப்பக்கமா என்பது தெரியாது. அதனால் வீடுகளுக்குள் சண்டைக்குப் போவதை நிறுத்தினேன், அதனால் ஷொட்கண்ணைத் தொடுவதையும் நிறுத்தினேன். எஸ் 686 என்ற இரட்டைக்குழல் துவக்கு ஓர் அறைக்குள் எவரையும் விழுத்தும். ஆனால் இரண்டு வெடிக்குள் காரியம் முடியாவிட்டால் நீ முடிந்தாய், முதல் வெடி எந்தப் பக்கம் என்று தெரியாதவனுக்கு அது உதவாது. ஆகவே, நீ கேட்ட கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது: எந்தப் போனில், எந்தக் காதோடு, எந்த விரலோடு, எவ்வளவு பிங்கோடு, அதாவது இணையத் தாமதத்தோடு, விளையாடுகிறாய்?

விரல் என்பதைப் பகிடியாகச் சொல்லவில்லை. உனக்குக் கணினியில் தட்டிய மெல்லிய விரல்கள். எனக்கு மண்வெட்டி பிடித்துக் காய்த்த பெருவிரல், வியர்த்தால் திரையில் வழுக்கும். எம் 416, ஏகேஎம் போன்றவற்றில் தொடர்ந்து சுடும்போது குழல் மேலே எழும்பும், அதைப் பெருவிரலால் கீழே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். என்னால் அது ஏலாது. மருமகன் ஜைரோஸ்கோப்பைப் போட்டுத் தந்தான். இப்போது விரலால் இழுக்காமல் போனையே மெல்லச் சரித்து அடக்குகிறேன், அதுவும் மூன்று நான்கு வெடிக்கு மேல் தொடர்வதில்லை. உன் விரலுக்கு ஜைரோ தேவைப்படாமலும் போகலாம், ஆனால் ஒரு கிழமை பழகிப் பார்.

ஏகேஎம் என்று பெயரைக் கேட்டதும் கை தானாக அதற்குப் போகிறது என்று எழுதியிருந்தாய். நம் வயதுக்காரர் எல்லோருக்கும் அப்படித்தான், பெயர் பழகிய பெயர். ஆனால் விளையாட்டில் அந்தப் பழக்கம் உன்னைக் கெடுக்கும். ஒரு வெடிக்கு ஏகேஎம் கூடிய சேதம் தரும் என்பது உண்மை. ஆனால் அதற்குக் குழல் நுனியில் மாட்டும் வாய்க்கருவி, ரவைக்கூடு, ஸ்கோப் ஆகியவற்றை மட்டுமே பூட்டலாம், பிடியும் இல்லை, தோள்கட்டையும் இல்லை. எம் 416க்கு ஐந்து இடத்திலும் பூட்டலாம், எல்லாம் பூட்டினால் அது ஆட்டுக்குட்டி மாதிரி அடங்கி நிற்கும். ஒன்றும் பூட்டாமல் எடுத்தாலோ துள்ளும், அந்த நிலையில் ஸ்கார் எல் அதைவிட அமைதியானது என்பது என் அனுபவம். எனவே இறங்கிய முதல் ஐந்து நிமிடத்தில் எது கிடைத்ததோ அதை வைத்துக்கொள், சாமான் சேரச் சேர மாற்று. வாய்க்கருவி மூன்றில் எதைப் போடுவது என்று என்னைக் கேட்டால், தொடர்ந்து சுடும் துவக்குக்குத் துள்ளலை அடக்கும் கொம்பென்சேற்றர், ஒற்றை வெடித் துவக்குக்குச் சத்தத்தை அடக்கும் சைலன்சர்.

விளையாட்டில் நீ செத்ததாக எழுதிய கதைக்கு வருகிறேன். ஒரு கையில் கார் 98 கே, மறு கையில் எஸ்கேஎஸ், இரண்டிலும் பெரிய ஸ்கோப், நின்றதோ ஒரு குளியலறை. இரண்டும் தூரத்துக்கான துவக்குகள், மச்சான். ஐந்து மீற்றரில் நிற்பவனை ஆறு மடங்கு ஸ்கோப்பில் தேடினால் அவனுடைய சட்டைப் பொத்தான்தான் தெரியும். ஒன்று தூரத்துக்கு, மற்றது கிட்டத்துக்கு என்று சோடியாக எடு. கிட்டத்துக்குத் தொடர்ந்து சுடக்கூடிய எதுவும் போதும், யூஎம்பி என்ற சின்னத் துவக்கைக்கூட நான் இழிவாகப் பார்ப்பதில்லை. தூரத்துத் துவக்கில் பெரிய ஸ்கோப்பை வைத்துக்கொண்டு மற்றதில் பெருக்கிக் காட்டாத, சிவப்புப் புள்ளி மட்டும் காட்டும் றெட் டொட்டைப் பூட்டிவிடு.

கார் 98ஐப் பற்றி நீ விரிவாகக் கேட்டதால் சொல்லுகிறேன், அது எனக்குப் பிடித்த துவக்கு. என் அப்புவின் இடியன் உனக்கு நினைவிருக்கும். மருந்தைப் போட்டு, தும்பை வைத்து, ஈயக்குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்கினால் ஒரே ஒரு வெடி. அந்த வெடி தவறினால் மறுமுறை இடித்து முடிக்கப் பன்றி பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும். அதனால்தான் அப்பு பன்றியைக் கண்டவுடன் சுடமாட்டார், அது நின்று தலையைத் தூக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பார். கார் 98ம் அந்தச் சாதிதான். ரவைக்கூட்டில் ஐந்து சன்னம், ஒவ்வொரு வெடிக்கும் பிறகு பூட்டை இழுத்துத் தள்ள வேண்டும், அதுவரை நீ வெறுங்கை. ஆனால் தலையில் பட்டால், இரண்டாம் தரத் தலைக்கவசம் போட்டவனும் ஒரே வெடியில் விழுவான். மூன்றாம் தரக் கவசம் போட்டவனிடம் மாத்திரம் இரண்டாவது வெடி வேண்டும்.

ஓடுகிறவனைச் சுடும்போது அவன்மேலேயே குறி வைக்கிறாய் என்று நினைக்கிறேன், அதனால்தான் படவில்லை. அந்தச் சன்னம் செக்கனுக்கு 760 மீற்றர் போவதாக விளையாட்டில் வைத்திருக்கிறார்கள். 300 மீற்றருக்கு அதற்கு ஏறத்தாழ 0.4 செக்கன் வேண்டும். அதற்குள் ஓடுகிறவன் இரண்டு மீற்றருக்கு மேல் தாண்டிவிடுவான், சன்னமும் போகப் போகக் கீழே இறங்கும். முன்னாலும் சற்று மேலாலும் வெறும் வெளியைப் பார்த்துச் சுடப் பழகு. எம் 416இன் சன்னம் 880 மீற்றர் போவதால் அதற்கு இவ்வளவு முன்கணிப்பு வேண்டியதில்லை.

உன் பிங் விடயம் தனி. நாம் சேர்ந்து ஏசியா சேர்வரில் விளையாடும்போது உன்னுடையது 200ஐத் தாண்டி நிற்கிறது. கிட்டச் சண்டையில் நீ முதலில் சுட்டதாக உன் திரை காட்டும், அதற்குள் எதிரியின் திரையில் நீ விழுந்து கிடப்பாய். நீ எங்களோடு சேரும் நாட்களில் அறைக்குள் போகாதே, மரத்தோடு நின்று தூரத்தைப் பார். உன் மகனோடு அங்கத்தைய சேர்வரில் விளையாடும்போது விரும்பியபடி போ.

ஏடபிள்யூஎம் ஆசையைப் பற்றி ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வானிலிருந்து விழும் பெட்டியில் மட்டுமே கிடைக்கும் துவக்கு அது, மூன்றாம் தரக் கவசத்தையும் ஒரே வெடியில் முடிக்கும். சிவப்புப் புகை கக்கிக்கொண்டு நின்ற பெட்டியை ஒருநாள் விளையாட்டு வரைபடத்திலுள்ள பொச்சின்கி ஊருக்கு மேற்கே தனியாகப் போய்த் திறந்தேன். துவக்கோடு 20 சன்னம் இருந்தன, அந்த 300 மக்னம் வகைச் சன்னம் நிலத்தில் வேறெங்கும் கிடைக்காது என்று அவற்றைக் கோழிக்குஞ்சு மாதிரிப் பொத்திப் பொத்தி வைத்தேன். இரண்டு பேரைக் கண்டும் சுடவில்லை, இன்னும் நல்ல குறி வரட்டும் என்று பார்த்திருந்தேன். கடைசியில், நான் சுடாமல் விட்ட இருவரில் ஒருவனே பின்னால் வந்து யூஎம்பியால் முடித்தான். என் பெட்டியில் 19 சன்னம் இருந்தன. ஒன்று எங்கே போனது என்றால், துவக்கின் சத்தம் எப்படி இருக்கும் என்று பார்க்க வானத்துக்குச் சுட்டது. மருமகன் இன்றைக்கும் என்னைப் பத்தொன்பது மாமா என்றுதான் கூப்பிடுகிறான்.

கடைசியாகச் சன்னம். மெய்யான கார் 98 கே, 1935இல் ஜேர்மன் படைக்கு வந்த துவக்கு, 7.92 மில்லிமீற்றர்ச் சன்னம் போடுவது. விளையாட்டுக்காரர் அதையும் ஏகேஎம்மையும் எஸ்கேஎஸ்ஸையும் ஒரே 7.62க்குள் அடக்கிவிட்டார்கள். எம் 416, ஸ்கார் எல், மினி 14 ஆகியவை 5.56. நாம் இருவரும் ஒரே வகையை எடுத்தால் ஒரு வீட்டுச் சாமானுக்கு இருவரும் கை நீட்ட வேண்டிவரும், போன ஞாயிறு அதுதான் நடந்தது. 7.62 பையிலும் பாரம் கூட. எனவே நீ எம் 416ஐயும் மினி 14ஐயும் எடு, 5.56 முழுவதும் உனக்கு. 200க்கு மேல் சுமக்காதே, மிச்ச இடத்தில் புகைக்குண்டையும் மருந்தையும் போடு. 7.62ஐ எனக்கு விடு.

ஞாயிறு காலை உனக்கு ஒன்பது மணி என்றால் எனக்கு மாலை ஆறரை, அங்கே குளிர்கால நேரத்துக்கு மணிக்கூட்டை மாற்றிய பிறகு ஏழரை ஆகும். அது வயலுக்குப் போகிற நேரம், கொட்டிலில் ஏறியதும் அழைக்கிறேன். நடுவில் நான் சொல்லாமல் நின்றுவிட்டால் சுடப்பட்டதாக நினைக்காதே, வரம்பில் மாடு இறங்கியிருக்கும். என் பையிலுள்ளதை எடுத்துக்கொண்டு, விளையாட்டில் சுருங்கிவரும் பாதுகாப்பு வட்டத்துக்குள் ஓடிவிடு.

அன்புடன்,
உன் வாங்குத் தோழன்