மருந்து ஆய்வாளர்களுக்கு சுப்பாராவ் பெயரில் விருது வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரான்சில் ரோலண்ட் மெல் என்ற மருந்தாளுநர் 1970-இல் தொடங்கியது 'பிரி கேலியன்' விருது. புதிய மருந்துகளையும் அவற்றுக்காக உழைத்த ஆய்வாளர்களையும் அது போற்றுகிறது. நம் மாநில அரசும் மருந்து ஆய்வாளர்களுக்கு ஒரு விருது வழங்க வேண்டும். அதற்கு, அமெரிக்காவில் பல மருந்துகளை உருவாக்கிய இந்திய ஆய்வாளர் எல்லாப்பிரகட சுப்பாராவ் பெயரைச் சூட்ட வேண்டும்.

ஏற்காட்டில் அரசு மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். காப்பித் தோட்டங்களிலிருந்து வரும் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைக் கொடுப்பது எளிது, விழுங்க வைப்பதுதான் பெரும்பாடு. குமட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். இரும்பால்தான் கறுக்கிறது, பயப்படாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். அந்த ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியை 1940-களில் கண்டது, அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் சுப்பாராவ் நடத்திய குழு.

பீமவரத்தில் பிறந்த அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் குறைந்த தகுதியான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார். யானைக்கால் நோய்க்கு இன்றும் தரும் டை எத்தில் கார்பமசின் அவர் குழு தந்தது. லெடர்லியில் உருவான அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துத்தான், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகத் தணிவதை பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1948-இல் காட்டினார். அதே இனத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட்டை முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை தருகிறோம். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் அட்டையின் மேல் கிழமையை எழுதித்தான் கொடுப்பேன். அந்த 1948-லேயே, 53 வயதில், சுப்பாராவ் இறந்துவிட்டார். நோபல் அவருக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

விருது, ஆய்வுக் குழுவின் தலைவரோடு நின்றுவிடக் கூடாது. ஆய்வக மேசையில் நின்று வேலை செய்த வேதியியலாளர்களின் பெயர்களும் இடம்பெற வேண்டும். முனைவர் பட்டத்தை நிபந்தனையாக்கவும் வேண்டாம்: ரத்தப் புற்றுநோய்க்கு மெர்காப்டோப்யூரின் கண்டு, 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கெர்ட்ரூட் எலியன் முனைவர் படிப்பை முடிக்காதவர். சேலத்தில் பி.பார்ம். படிக்கும் பெண்களிடம் நான் இதைச் சொல்லும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

எந்த நோய்க்கு எந்த மருந்து, அதற்கு உழைத்தவர்கள் யார் என்ற விவரத்தை, விருது அறிவிக்கும் ஆண்டுதோறும் அரசு மருத்துவமனைகளில் மருந்து வாங்க வரிசை நிற்கும் இடத்தில் தமிழில் ஒட்ட வேண்டும். மக்கள் நல்வாழ்வுத் துறை இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.