நவம்பரில் வர இயலாது, மகளே

மன்னார்குடி அருகில் இருந்து
2.11.2025

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். மாப்பிள்ளையும் குழந்தையும் நீயும் நலமாக இருக்க வேண்டும். மோந்தா புயல் காக்கிநாடா பக்கம் கரையேறிய மறுநாள் வாரங்கலிலும் ஹனம்கொண்டாவிலும் தெருவெல்லாம் வெள்ளமாக நின்ற படங்களைப் பத்திரிகையில் பார்த்தேன். அங்கிருந்து உங்கள் ஐதராபாத் 140 கிலோமீட்டருக்கு மேல் என்று அப்பா சொன்னார். ஆனாலும் உன் குரலைக் கேட்கும்வரை எனக்கு மனம் அடங்கவில்லை.

நீ தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்டாய்: "கார்த்திகை முடியும் வரை இங்கே வந்து இருங்கள் அம்மா, இரண்டு பேரும் அந்த மழையில் தனியாக ஏன் இருக்க வேண்டும்?" நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று உனக்கு வருத்தம். தொலைபேசியில் சொன்னால் நீ நடுவில் மறித்துப் பேசி என்னைச் சம்மதிக்க வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நவம்பரில் நான் வர இயலாது. டிசம்பர் கடைசியில் இருவரும் வருகிறோம். காரணத்தைப் பொறுமையாகப் படி.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையேறி நம் பக்கம் வந்தபோது, செல்போன் கோபுரங்கள் சாய்ந்து, எங்களோடு பேச வழியில்லாமல் நீ அங்கே தவித்ததை நான் மறக்கவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகள் வேரோடு படுத்துக் கிடந்தன. கொல்லையில் நின்ற மரங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதன்பின் வைத்த கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன. அப்படி ஒரு புயல் இனி வராது என்று நான் உனக்கு எழுதித் தர முடியாது. ஆனால் அதற்காக ஒவ்வொரு நவம்பரிலும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப இந்த ஊரில் யாராலும் முடியாது. நடவு வயலில் இருக்கிறது, மாடு கொட்டகையில் இருக்கிறது, பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள்.

முதலில் வயல் செய்தி. இந்த ஆண்டு மேட்டூர் அணையை முறைப்படி ஜூன் 12 அன்றே திறந்தார்கள். போன ஆண்டு ஜூலை கடைசி வரை காத்துக்கிடந்தோமே, அந்தக் கவலை இல்லை. குறுவை நெல் நன்றாக விளைந்தது. விளைந்ததே சங்கடமாயிற்று. அறுவடை உச்சத்தில் இருந்தபோது, அக்டோபர் 16 அன்று வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. தீபாவளி வாரம் முழுக்க மழை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் மூட்டைக்கு இடமில்லாமல், சாலை ஓரமெல்லாம் நெல் குவியல் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். ஐப்பசி மழையில் 17 சதவீதத்துக்கு நெல்லை எப்படிக் காய வைப்பது? 22 வரை தளர்த்த வேண்டும் என்று கேட்டு, மத்தியக் குழு வந்து கைநிறைய நெல் அள்ளிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,545 ரூபாய் என்று அரசு விலை வைத்திருந்தும், முளைவிட்ட நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கு அந்த விலை எட்டாது. அப்பா நம் நெல்லை எப்படியோ சேர்த்துவிட்டார். எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், நம் தெருக்கோடிப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்த வாரங்களில் வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கினான். அவன் அப்பா இரவில் குவியலுக்குக் காவல். அம்மா வேறு ஊரில் நடவு வேலையில் இருந்தாள். பையனை வீட்டில் தனியாக விட மனமில்லாமல் தகப்பன் அவனையும் தார்ப்பாய் ஓரத்தில் கூடவே படுக்க வைத்திருக்கிறார். காலையில் அங்கிருந்தே பள்ளிக்கு வருவான். காலை உணவுக்கு முதல் ஆளாக நிற்பான்.

அந்த உணவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். நீ ஊரில் இருந்தவரை இது கிடையாது. 2023 ஆகஸ்ட் 25 அன்று நம் பக்கத்துத் திருக்குவளையில் தொடங்கி வைத்தபோதுதான் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று, கூடவே காய்கறி சாம்பார். நான் ஆசிரியையாக வேலை பார்த்த காலத்தில் பதினொரு மணிக்கு மேல் சில பிள்ளைகளின் கண் சொருகும். பாடம் பிடிக்கவில்லை என்று புதிதாக வந்த ஆசிரியர்கள் நினைப்பார்கள். அது பசி. மதிய மணி அடித்தபின் அதே பிள்ளை பளிச்சென்று பேசும். இப்போது அந்தச் சொருகல் இல்லை என்பதை என் கண்ணால் பார்க்கிறேன்.

அதனால்தான் மழை விடுமுறை என்று மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதைப் பார்த்த பிறகு, மழை எச்சரிக்கை இருக்கும்போது பள்ளியைத் திறந்து வை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளைகூட ஆபத்தில் சிக்கக்கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் பள்ளித் தீயில் போனார்களே, அந்த வாரம் நான் எந்த வகுப்பிலும் வாய் திறந்து பாடம் நடத்த முடியாமல் நின்றேன். கூரை, சுவர், மழை, எதிலும் துணிந்து பார்க்கும் வேலை பள்ளிக்கு வேண்டாம். ஆனால் வேன் வைத்துத் தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு விடுமுறை என்றால் வீட்டில் சூடாகத் தோசை. நம் தெருக்கோடிப் பிள்ளைக்கு விடுமுறை என்றால் அன்று காலைச் சாப்பாடும் இல்லை, மதியச் சத்துணவும் இல்லை. மழை நாளில் தாய்க்கும் கூலி இல்லை. விடுமுறை அறிவிக்கும் நாளிலும் அந்தச் சமையலறையை மட்டும் திறந்து வைத்து, நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு உணவு கொடுக்க வழி செய்யலாம். கிராம சபையில் இதை எழுத்துப்பூர்வமாகக் கொடுக்கப் போகிறேன்.

இனி நான் வராததற்கான காரணம்.

அது ஈராசிரியர் பள்ளி என்பது உனக்குத் தெரியும். தலைமையாசிரியை ஒருவர், ஆசிரியை ஒருவர், ஐந்து வகுப்புகள். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு அது சரியாக இருக்கலாம். வகுப்புகளின் எண்ணிக்கைக்குச் சரியில்லை. ஒருவர் ஒன்று முதல் மூன்று வரை வைத்துக்கொள்வார், மற்றவர் நான்கும் ஐந்தும். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் தலையில் ஐந்தும்.

அந்த ஆசிரியைக்கு இந்த மாதம் இரண்டு பாரம் ஒன்றாக வந்து சேர்ந்திருக்கின்றன. செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதைப் படித்திருப்பாய். ஓய்வு பெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் எல்லோரும் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லாவிட்டால் பணியில் நீடிக்க முடியாது. ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் தேர்வு எழுதாமல் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. தலைமையாசிரியைக்கு அடுத்த ஆண்டு ஓய்வு, அவருக்குக் கவலையில்லை. இந்த ஆசிரியை தகுதித் தேர்வு என்ற ஒன்று வருவதற்கு முன்பே, அன்றைய விதிப்படி தேர்வாகி வேலைக்கு வந்தவர். கஜாவுக்குப் பிறகு பள்ளி மைதானத்தில் விழுந்து கிடந்த மரத்தைத் தன் கைக்காசில் ஆள் வைத்து வெட்டி, பிள்ளைகளை உட்கார வைத்தவர். இப்போது இரவில் மகனின் படிப்பு மேசையில் உட்கார்ந்து குழந்தை உளவியல், தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று 150 மதிப்பெண்ணுக்குப் படிக்கிறார். நவம்பர் 15 அன்று முதல் தாள். ஆசிரியர் தொடர்ந்து படிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இத்தனை ஆண்டு வகுப்பில் நின்றவரின் திறமையை அறிய, அவர் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பதுதான் முறை. தமிழ்நாடு அரசு சீராய்வு மனு போட்டிருக்கிறது. நல்ல முடிவு வர வேண்டும்.

இரண்டாவது பாரம் வாக்காளர் பட்டியல். சிறப்புத் தீவிரத் திருத்தம் வரும் செவ்வாய்க்கிழமை, 4ஆம் தேதி தொடங்கி டிசம்பர் 4 வரை நடக்கிறது. அவர்தான் நம் பகுதிக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர். வீடு வீடாகக் கணக்கீட்டுப் படிவம் கொடுக்க வேண்டும், நிரப்ப உதவ வேண்டும், வாங்கிப் பதிவேற்ற வேண்டும். 2002, 2005 காலத்துப் பழைய பட்டியலில் யார் பெயர் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். வயலுக்குப் போனவர்கள் மாலையில்தான் வீட்டில் இருப்பார்கள். ஐப்பசி மழை, சேற்றுத் தெரு, கையில் காகிதக் கட்டு. நினைத்தாலே எனக்குக் கால் வலிக்கிறது. (உன் பெயர் இன்னும் நம் ஊர்ப் பட்டியலில் இருக்கிறது. அங்கே சேர்த்துவிட்டாயா இல்லையா என்று உடனே தகவல் சொல். இரண்டு இடத்தில் இருக்கக்கூடாது.)

போன வாரம் தலைமையாசிரியை நம் வீட்டுக்கு வந்தார். "டீச்சர், ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் இந்த மாதம் அநாதையாகிவிடும். நீங்கள் காலையில் வந்து உட்கார்ந்தால் போதும்" என்றார். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசி ஒப்புதல் வாங்கிவிட்டார். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஒரு மாதம்தானே என்று நீ கேட்பாய். ஒன்றாம் வகுப்பில் நவம்பர் எப்படிப்பட்ட மாதம் என்று உனக்குச் சொல்கிறேன். ஜூனில் வந்த பிள்ளை ட, ப, ம என்று எளிய எழுத்துகளில் தொடங்கி, படம், பட்டம் என்று கூட்டிப் படிக்கப் பழகியிருக்கும். துணைக்கால், கொம்பு, சுழி எல்லாம் வருவது இப்போதுதான். கொக்கு என்ற சொல்லைக் காட்டினால், ஒற்றைக்கொம்பு முதலில் கண்ணில் படுவதால் 'கெ' என்று தொடங்கி, பிறகு துணைக்காலைப் பார்த்து 'கெகா' என்று திணறும். எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்கும் குறிகளைச் சேர்த்து ஒரே ஒலியாகச் சொல்ல வேண்டும் என்பது பிள்ளையின் கண்ணுக்குப் பழக வேண்டும். அதற்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, விரலை வைத்து, நாளுக்குப் பத்துச் சொல், அலுக்காமல் கேட்க வேண்டும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் கற்ற நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். நானே செயல்வழிக் கற்றல் அட்டைகளை வைத்து மாய்ந்து மாய்ந்து சொல்லிக்கொடுத்தவள். எந்தத் திட்டம் வந்தாலும் அரும்பில் இருக்கிற பிள்ளைக்கு வேண்டியது பக்கத்தில் ஓர் ஆள். இந்த மாதம் அந்த ஆள் இல்லாமல் போனால், அந்தத் தூங்கும் பையன் மூன்றாம் வகுப்புக்கு எழுத்துக்கூட்டத் தெரியாமல் போவான். ஐந்தாம் வகுப்பில் அவனைப் பார்த்து, "அரசுப் பள்ளியில் படிக்கவே சொல்லித்தரவில்லை" என்று இதே ஊர் பேசும். அடுத்த ஜூனில் இன்னும் இரண்டு பிள்ளைகள் வேனில் ஏறுவார்கள். பிள்ளைகள் குறைந்தால் பள்ளிக்கு என்ன ஆகும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீயும் அந்தப் பள்ளியில் படித்தவள்தான். என் மகள் என்பதற்காக உன்னை மன்னார்குடிப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி எத்தனை பேர் சொன்னார்கள்! ஐந்தாம் வகுப்பு வரை இங்கேதான் என்று அப்பாவும் நானும் உறுதியாக இருந்தோம்.

பள்ளிப் பேச்சில் இன்னொரு செய்தி: பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை இந்த ஆண்டு முதல் எடுத்துவிட்டார்கள். உன் காலத்திலும் அது இல்லை. பல விடுதிப் பள்ளிகளில் பதினொன்றாம் பாடத்தைத் தொடாமல் இரண்டு ஆண்டும் பன்னிரண்டையே ஓட்டினார்கள், அதைத் தடுக்கத்தான் 2017-18இல் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைவது மகிழ்ச்சி, பழைய வழக்கம் திரும்பாமல் கவனிக்க வேண்டும். மாப்பிள்ளையின் தங்கை மகள் பதினொன்றில் இருக்கிறாளே, பாடத்தை முழுக்க நடத்துகிறார்களா என்று கேட்டுப் பார்.

என் உடம்பைப் பற்றிப் பயப்படாதே. காலையில் ஒன்பதிலிருந்து மதியச் சாப்பாடு வரைதான். மழை பலமாக இருந்தால் அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். இரத்த அழுத்த மாத்திரை ஒரு மாதத்துக்கு வாங்கி வைத்திருக்கிறேன். புயல் எச்சரிக்கை வந்தால் மாடி அறைக்கு அரிசி, மண்ணெண்ணெய், டார்ச் எல்லாம் ஏற்றிவிடுவோம். செல்போனை முன்னதாகவே சார்ஜ் போட்டு வைப்போம். இரவு எட்டு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி தவறாமல் அனுப்புகிறேன்.

இரண்டாம் பருவம் டிசம்பர் நான்காம் வாரம் முடிகிறது. அன்று இரவே மன்னை எக்ஸ்பிரஸில் சென்னை, மறுநாள் சார்மினாரில் ஐதராபாத். அப்பாவுக்குக் கீழ்ப்படுக்கை கிடைக்கிற மாதிரி நீயே அங்கிருந்து டிக்கெட் எடுத்துவிடு. பொங்கலுக்கு முன் நாங்கள் திரும்ப வேண்டும், அதற்கும் சேர்த்து எடு. இன்னொன்று: உன் பிள்ளை படித்து முடித்த பெரிய எழுத்துப் படக் கதைப் புத்தகங்கள் தமிழில் சில இருந்தனவே, அவற்றைக் கூரியரில் இந்த வாரமே அனுப்பு. வகுப்பில் பதினோரு பிள்ளைகள் இருக்கிறார்கள், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா