வரத்துக்கால் கரையில் எங்களை நடக்க விடுங்கள்

வெளியூர்களில் வாழும் எங்கள் ஊர்ப் பங்காளி ஐயாமார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும், பேரூராட்சி மன்றத்தாருக்கும் வணக்கம்.

உங்கள் வீடுகளில் ஒன்றைப் பெருக்கி, விளக்கேற்றி, சாவியைக் கடைசிவரை இடுப்பில் செருகி வைத்திருந்தவரின் மகன் நான். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை என்று செட்டிநாட்டுக்கு எல்லை சொல்வார்கள். ஆறு இரண்டும் எல்லையோடு நின்றுவிட்டன. மேற்கே கண்மாய் நிறைந்து வழியும் கலுங்கில் தொடங்கி, பனைகளுக்கு நடுவே வளைந்து, மூன்று பெரிய வீடுகளின் பின்கட்டுச் சுவரை ஒட்டி வந்து ஊருணியில் விழும் வரத்துக்கால்தான் எங்களுக்கு ஆறு. கரையோடு நடந்தால் இருபது நிமிடம். ஐப்பசியில் தண்ணீர் வந்துவிட்டால் அதே தூரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும், நின்று நின்று பார்க்காமல் யாராலும் போக முடியாது.

வீட்டைப் பார்க்க இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் எல்லாவற்றையும் படம் எடுக்கிறார்கள். கானாடுகாத்தானில் 1912-இல் கட்டி முடிந்த அரண்மனையின் வாசலில் நின்றுவிட்டுக் கிளம்புகிறார்கள். நல்லதுதான். ஆனால் முற்றத்தைச் சுற்றிய வளவின் நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் கொட்டுகிற மழை எங்கே போகிறது என்று அவர்களுக்குக் காட்ட ஆளில்லை. முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழைக்கு முற்றத்தில் அண்டா வைத்து, வாயில் வெள்ளைத்துணி கட்டிப் பிடிப்பார்கள் ஆச்சிமார்கள். மிச்சம் தளத்துக்குக் கீழே கல் மடை வழியாகத் தெருவுக்கு வந்து, ஊருணிக்குப் போகும். வீடு கட்டியவர்கள் தண்ணீரைத் தங்கள் வாசலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஊருக்கே கொடுத்தார்கள். குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைத்தால் என் அப்பா அடிப்பார். அவர் என்னை அடித்தது அதற்கு மட்டும்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பின்தெருவில் ஒரு வீடு இடிந்தது. இடிந்தது என்ன, இடித்தார்கள். தூணும் நிலையும் லாரியில் ஏறின. செங்கல்லும் காரையும் வரத்துக்காலில் இறங்கின. யார் வீடு என்று நான் எழுதப்போவதில்லை, பங்குக்காரர்களுக்குத் தெரியும். அந்தக் கார்த்திகையில் கண்மாய் கலுங்கு தாண்டியும் ஊருணிக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் திரும்பிக் கீழத்தெருக் குடிசைகளுக்குள் போனது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திண்ணைகளில் ஒதுங்கினோம். இப்போது அந்த மேட்டில் வேலிக்காத்தான், அதுதான் சீமைக் கருவேலம், ஆள் உயரம் நிற்கிறது. கரையில் நடக்க வழியில்லை.

2014-இலேயே செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன. தெருக்களும் வீடுகளும் நீர்நிலைகளும் ஒன்றாகத் திட்டமிடப்பட்ட ஊர்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. வீட்டை மட்டும் வைத்துக்கொண்டு வாய்க்காலைத் தூர்த்துவிட்டால் எதைக் காட்டுவோம்?

மன்றத்தாரிடம் கேட்பது இதுதான்: இடிபாட்டை அள்ளுங்கள், வேலிக்காத்தானை வேரோடு எடுங்கள், கரையில் மண்பாதை விடுங்கள். தயவுசெய்து அடியில் சிமெண்ட் போடாதீர்கள். அந்த மண் குடிக்கிற தண்ணீர்தான் கீழத்தெருக் கிணறுகளில் ஊறுகிறது. அலங்கார விளக்கும் கம்பிவேலியும் வேண்டாம்.

பங்காளிகளிடம் கேட்பது அதைவிடச் சிறிது. மூன்று வீட்டின் பின்கட்டு ஓரத்திலும் ஆறடி உங்கள் பட்டாவில் இருக்கிறது. அதை எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை. நடக்க அனுமதித்தால் போதும். பங்கு ஐம்பது பேருக்குப் பிரிந்து கிடக்கிறது, ஆளுக்கொரு ஊரில் இருக்கிறீர்கள், கையெழுத்து வாங்குவது கடினம் என்று தெரியும். கோயில் திருவிழாவுக்கு எல்லோரும் வருகிறீர்களே, அன்றைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் முடியும். திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாய்க்கு வரும் பறவைகள் பயந்துவிடும் என்று ஊரே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சட்டம் சொல்லி வந்ததில்லை அது, ஊர் பேசி வைத்துக்கொண்டது.

மழைக்கு முன்னால், புரட்டாசி முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் கலுங்கில் இருப்பேன். அப்பாவின் மண்வெட்டியோடு சேர்த்து என்னிடம் இரண்டு இருக்கின்றன.